மினி டிராக்டருக்கு ரொட்டவேட்டர்: 3.5 அடியா, 4 அடியா?

கொல்லைமேடு (வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மினி டிராக்டருக்கு ரொட்டவேட்டர் (சுத்தற கத்தியால மண்ணைக் கிளறற கருவி) எடுக்கணும். மொத்தம் 3 ஏக்கர். அதுல ரெண்டு ஏக்கர் கிணத்துப் பாசனக் கொல்லை, செம்மண்ணும் சரளையும் கலந்தது. ஆடியில மல்லாட்டை (வேர்க்கடலை), அடுத்து கேழ்வரகு இல்லன்னா கத்தரி. முக்கால் ஏக்கர் ஏரிக்குக் கீழ கழனி, களி மண்ணு, நெல்லு மட்டும்தான். மீதி கால் ஏக்கர் தென்னை.

வண்டி 24 ஹெச்பி மினி, நாலு வீல் டிரைவ். பிடிஓவுக்கு (பின்னால பூட்டற கருவியைச் சுத்தற வண்டி ஷாஃப்ட்) ரெண்டு கியர் இருக்கு, நிமிஷத்துக்கு 540 சுத்தும் 750 சுத்தும். ஹைட்ராலிக் 750 கிலோ தூக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு. பின் டயர் வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வரைக்கும் டேப் வச்சு அளந்தா 40 அங்குலம்.

ஒரு கடையில 4 அடி எடுங்க, தாராளமா இழுக்கும், வேலை சீக்கிரம் முடியும்ங்கறாங்க. இன்னொரு இடத்துல 3.5 அடி, கியர் டிரைவ் (கத்தித் தண்டைக் கியர் சுத்தும்). மூணாவதா 3 அடி செயின் டிரைவ், விலை கம்மி. எதை எடுக்கறது? பிளேடு எல் டைப்பா, சி டைப்பா? எடுக்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாலாற்றங்கரை எழுதியது:

இந்த மூணுல 3.5 அடி கியர் டிரைவ்தான் உங்க வண்டிக்கும் மண்ணுக்கும் பொருந்தும். காரணத்தை ஒன்னொன்னா சொல்றேன்.

முதல்ல ஹெச்பி கணக்கு. 24ன்னு போர்டுல எழுதியிருக்கறது எஞ்சின் ஹெச்பி. ரொட்டவேட்டரைச் சுத்தறது பிடிஓவுக்கு வர்ற பவர், அது உங்க வண்டியில 20, 21க்குப் பக்கம்தான் இருக்கும். பதமான செம்மண்ணுல 4 அங்குல ஆழத்துக்கு ஒரு அடி அகலத்துக்கு சுமார் 5 ஹெச்பி வேணும். மண்ணு காஞ்சு இறுகி இருந்தாலோ, களியா இருந்தாலோ 6, 7 வரைக்கும் போகும். அப்ப 3.5 அடிக்கு நல்ல பதத்துல 17.5 போதும், மிச்சம் கொஞ்சம் கையில இருக்கும். 4 அடிக்கு நல்ல பதத்துலயே 20 போயிடும். காஞ்ச மண்ணுல 24க்கு மேல கேக்கும், உங்ககிட்ட அது கிடையாது. எஞ்சின் முக்கும், ஆர்பிஎம் இறங்கும், கத்தி மண்ணை வெட்டாம மேல ஏறி ஓடும், டீசல் எரியும்.

"வேலை சீக்கிரம் முடியும்"ங்கறதையும் கணக்குப் போட்டுப் பார்த்துடுங்க. மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகம், திரும்பறதுக்கும் ஓரம் ஒட்டறதுக்கும் கால்வாசி நேரம் போகும்னு வச்சா, 3.5 அடி ஒரு ஏக்கருக்கு 2 மணி நேரம் எடுக்கும். 4 அடி 1 மணி 45 நிமிஷம். வித்தியாசம் ஏக்கருக்குக் கால் மணி நேரம். பாரம் தாங்காம ஒரு கியர் இறக்கிட்டீங்கன்னா அந்தக் கால் மணியும் போச்சு.

அடுத்து டயர் அகலம். டயர் அமுக்கிட்டுப் போற தடத்தை ரொட்டவேட்டர் அழிச்சுக்கிட்டே வரணும், அதுதான் ஒழுங்கான உழவு. உங்களுக்கு 40 அங்குலம். 3 அடின்னா 36 அங்குலம், ரெண்டு பக்கமும் 2 அங்குலத் தடம் இறுகிப் போய் அப்படியே நிக்கும். 3.5 அடின்னா 42, பக்கத்துக்கு ஒரு அங்குலம் வெளிய வரும். கடையில நிக்கும்போதே டேப்பை எடுத்து ஒரு கோடிக் கத்தி நுனியில இருந்து மறு கோடிக் கத்தி நுனி வரைக்கும் அளந்துடுங்க. சட்டத்தோட மொத்த அகலத்தை வச்சு "3.5 அடி"ன்னு சொல்ற இடம் உண்டு. பக்கத்து கியர் கேஸ் மட்டும் சில அங்குலம் தின்னுடும், வெட்டு அகலம் 37, 38தான் தேறும்.

ஒருவேளை வெட்டு அகலம் கொஞ்சம் குறைஞ்சா, மேல் சட்டத்துல இணைப்புக் கொம்பை 3, 4 அங்குலம் நகர்த்திப் பூட்டற வசதி இருக்கான்னு பாருங்க. வலது பக்கம் தள்ளிப் பூட்டினா வலது டயர் தடம் முழுசா மூடும். இடது டயர் உழாத பக்கமா ஓடற மாதிரி வண்டியைச் சுத்தி வந்தா அந்தத் தடமும் அடுத்த சால்ல அழிஞ்சுடும். தென்னையிலயும் வரப்பு ஓரத்துலயும் இந்த ஆஃப்செட் ரொம்ப உதவும்.

எடையையும் கேளுங்க. மினிக்குன்னே செய்யற 3.5 அடி 200 கிலோவைச் சுத்தி வரும். பெரிய டிராக்டருக்குச் செய்யற 4 அடி 300ஐத் தாண்டும். ஹைட்ராலிக் 750 தூக்குதேன்னு நினைக்காதீங்க. அது கீழ் லிங்க் (கருவியைப் பூட்டற கீழ்க் கை) முனையில வச்சு அளந்த கணக்கு. ரொட்டவேட்டரோட பாரம் அதுக்கும் ஒன்றரை அடி பின்னாடி விழுது, முன் பக்கம் லேசாயிடும். வரப்பு ஏறும்போது ஸ்டியரிங் பிடிக்காது. 3.5 அடிக்கே முன்னாடி பம்பர் வெயிட் போட்டுத்தான் ஓட்டணும். பின்னால கல்லு வைக்கறது, ஆளை ஏத்தி நிக்க வைக்கறது எல்லாம் கூடவே கூடாது. தவறி விழுந்தா சுத்தற கத்தி மேலதான் விழணும், வேற இடமே இல்லை.

பூட்டற பின் (சொருகற கம்பி) அளவையும் சரி பாருங்க. சாதாரண கேட்டகரி 1ங்கற பூட்டு அளவுல கீழ் பின் 22 மிமீ, மேல் லிங்க் பின் 19 மிமீ, கீழ் ரெண்டுக்கும் நடுவே 683 மிமீ. சில மினியில 1Nங்கற குறுகின அளவு வரும், அதுல இடைவெளி 400தான். ரெண்டும் ஒன்னுக்கொன்னு சேராது. வெல்டிங் வச்சு ஒட்டிக்கலாம்னு சொன்னா வேண்டாம்னு வந்துடுங்க.

---

பட்டறைக்காரர் (காட்பாடி) எழுதியது:

அகலத்தைப் பத்தி மேல சொன்னது சரி. நான் உள் சாமான் பத்திச் சொல்றேன்.

செயினா கியரான்னா, சரளைக் கொல்லைக்கு கியர். செயின் லேசா இருக்கும், விலை குறைவு, மணல் சாய்வான மண்ணுல நல்லாவே ஓடும். கல்லு அடிக்கடி அடிச்சா நீண்டு போகும், டென்ஷனர் தேயும், ஒரு நாள் பல் தாண்டி அறுக்கும். அறுந்த துண்டு கேஸையும் உடைச்சுட்டுப் போகும்.

கியரா இருந்தாலும் காப்பாத்தறதுக்கு ஒன்னு இருக்கணும். பிடிஓ ஷாஃப்ட்டுல ஷியர் போல்ட்டோ (பாரம் மீறினா உடையற போல்ட்), ஸ்லிப் கிளட்ச்சோ (பாரம் மீறினா வழுக்கி விடற தட்டு) இல்லாம மினிக்கு ரொட்டவேட்டர் வாங்காதீங்க. பெரிய கல்லுல கத்தி மாட்டும்போது எங்கயாவது ஒன்னு விட்டுக் கொடுக்கணும். ஷியர் போல்ட் உடைஞ்சா சில ரூபா. அது உடையலைன்னா ரொட்டவேட்டர் கிரவுன் பினியன் (கியர் பாக்ஸ் உள்ள இருக்கற பல் சக்கரம்), இல்லன்னா உங்க வண்டியோட பிடிஓ கியர் உடையும். ஷியர் போல்ட் அடிக்கடி உடையுதுன்னு ஹை டென்சைல் போல்ட் போடறது, கம்பியை வெட்டிச் சொருகறது ரெண்டும் கியர் பாக்ஸைக் கொல்ற வேலை. புத்தகத்துல என்ன கிரேடு சொல்லியிருக்கோ அதுலயே பத்து பதினஞ்சு வாங்கி டூல் பாக்ஸ்ல போட்டு வைங்க.

உங்க சரளைக்கு முடிஞ்சா ஸ்லிப் கிளட்ச் எடுங்க. ஒவ்வொரு கல்லுக்கும் இறங்கிப் போல்ட் மாத்திட்டு இருக்க வேணாம். ஆனா அதுக்கு ஒரு கவனிப்பு இருக்கு. நாலு மாசம் சும்மா நின்னா தட்டு துரு ஏறி ஒட்டிக்கும். ஒட்டின கிளட்ச் வழுக்காது, இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒவ்வொரு பருவத்துக்கு முன்னாடியும் ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, ரொட்டவேட்டரை மண்ணுல இறக்கி, கம்மி ஆர்பிஎம்ல பிடிஓவை ரெண்டு மூணு செகண்ட் மட்டும் போடுங்க. தட்டு வழுக்கித் துரு விட்டுடும். லேசா சூடு தெரியும். அப்புறம் நட்டை எல்லாம் பழைய ஸ்பிரிங் நீளத்துக்கே சமமா முறுக்கணும், ஒன்னு கூட ஒன்னு குறைய இருக்கக் கூடாது. தளர்த்தறதுக்கு முன்னாடியே நீளத்தை அளந்து எழுதி வச்சுக்குங்க.

பிளேடு எல் டைப்பே எடுங்க. மல்லாட்டை அடித்தாளு, கேழ்வரகு தாளு, புல்லு எல்லாத்தையும் அறுத்து மடக்கும். சி டைப் வளைவா இருக்கறதால ஈரக் களியில மண்ணு ஒட்டறது குறைவு, உங்களுக்கு முக்கால் ஏக்கர் களிக்காக அது தேவையில்லை. போரான் ஸ்டீல் பிளேடான்னு கேளுங்க. சாதா ஸ்டீல் சரளையில சீக்கிரம் மழுங்கிடும்.

மாட்டும்போது ரெண்டு விஷயம். இடக் கத்தி, வலக் கத்தி தனித்தனி. கூரான விளிம்பு மண்ணுக்குள்ள முதல்ல இறங்கணும், முதுகு முதல்ல பட்டா வண்டி குதிக்கும். அடுத்து, ரோட்டார்ல கத்திங்க சுருள் வரிசையில இருக்கும், அந்த வரிசையாலதான் ஒரே நேரத்துல ஒரு கத்தி மட்டும் மண்ணுல அடிக்குது. எல்லாத்தையும் ஒன்னாக் கழட்டிட்டு மறுபடி மாட்டினா வரிசை தப்பிடும், அப்புறம் அதிர்வுல பேரிங் போகும். ஒன்னைக் கழட்டு, அதே இடத்துல புதுசை மாட்டு, அடுத்ததுக்குப் போ. ஒரு கத்தி உடைஞ்சா எதிர்ல இருக்கறதையும் சேர்த்து மாத்துங்க.

ஆயில் சீல் (ஆயில் ஒழுகாம அடைக்கற வளையம்) பத்தி யாரும் சொல்றதில்லை. சொட்டு நீர்ப் பாசன டியூப் துண்டு, மல்ச்சிங் ஷீட்டு, சணல், மல்லாட்டைக் கொடி இதெல்லாம் ரோட்டாரோட ரெண்டு கோடியிலயும் போய்ச் சுத்திக்கும். வெளிய பார்த்தா சின்னதாத் தெரியும். உள்ள இறுகி இறுகி சீல் உதட்டை அறுத்துடும். ஆயில் ஒழுகும், மண்ணும் தண்ணியும் பேரிங்குக்குள்ள போகும். கத்தரி போட்ட கொல்லையில சொட்டு நீர் டியூபைச் சுத்தமா சுருட்டி எடுத்துட்டு அப்புறம் இறக்குங்க. வேலைக்கு நடுவுல நிறுத்தும்போதெல்லாம் எஞ்சினை ஆஃப் பண்ணி, சாவியைக் கையில எடுத்துக்கிட்டு, அந்த ரெண்டு கோடியையும் கத்தியால அறுத்துச் சுத்தம் பண்ணுங்க.

---

மண்வாசம் (விரிஞ்சிபுரம்) எழுதியது:

கருவியை விட்டு மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்துச் செம்மண் ரொட்டவேட்டரால் கெட்டுப்போவதை நிறையப் பார்க்க முடிகிறது. ஓட்டியவுடன் மாவுபோல இருக்கும், கண்ணுக்கு அழகு. அதன் மேல் ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேல் மண் ஓடு கட்டிவிடும். மல்லாட்டை முளை அந்த ஓட்டை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் உள்ளேயே வளைந்து அழுகும். விதையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே பிடிஓ 750 உங்களுக்கு வேண்டாம். கணக்கு எளிது. 540இல் ரோட்டார் சுமார் 200 சுற்று சுற்றுகிறது, ஒரு வளையத்தில் பக்கத்துக்கு 3 கத்தி என்று வையுங்கள். மணிக்கு 2.5 கிலோமீட்டரில் போனால் ஒவ்வொரு கத்தியும் 7 செ.மீ. மண்ணை அரிகிறது. அதே வேகத்தில் 750 போட்டால் 5 செ.மீ. ஆகிவிடும், மண் பொடியாகும். மல்லாட்டைக்கு நெல்லிக்காய் அளவுக் கட்டி கலந்திருப்பதே நல்லது. 540இல் வைத்து, வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பதம் பாருங்கள்.

ஈரப் பதத்துக்குக் கையே போதும். 3 அங்குல ஆழத்து மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். சப்பையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். ஈரம் அதிகமாக இருக்கும்போது ஓட்டினால் கத்தி அடி மண்ணைப் பூசி மெழுகிவிடும். வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் அப்படி ஓட்டினால் 5 அங்குலத்துக்குக் கீழே கெட்டிப் படலம் உருவாகி, மழைத் தண்ணீர் இறங்காமல் ஓடிவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் உளிக்கலப்பை (ஆழமாகக் கீறும் கலப்பை) போட வேண்டும். அதை உங்கள் மினி இழுக்காது. வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகையில் பெரிய டிராக்டர் பதிவு செய்துகொள்ளலாம்.

கோரை இருக்கிற இடத்தில் ரொட்டவேட்டரை இறக்கவே இறக்காதீர்கள். கிழங்குச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொல்லை முழுக்க நீங்களே நட்டதாக ஆகும். அருகும் அப்படித்தான். அந்தப் பகுதியைக் கோடையில் கொத்துக் கலப்பையால் புரட்டி, கிழங்கு வெயிலில் காயும்படி போட்டுவைத்து, பொறுக்கி எடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள்.

சரளைக்கும் இதே வரிசைதான். முதலில் 5 கொத்து உள்ள கொத்துக் கலப்பை, அது கல்லை மேலே கொண்டுவரும், கை அளவுக்கு மேல் இருப்பதைப் பொறுக்கிவிடுங்கள், கடைசியாக ஒரே ஒரு தடவை ரொட்டவேட்டர். முளைப்பாறை இருந்தால் பக்கத்தில் குச்சி நட்டுவையுங்கள். கடைசி உழவுக்கு முன் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போட்டால் ஓடு கட்டுவதும் குறையும்.

தென்னையில் மரத்திலிருந்து 6 அடி வட்டத்துக்குள் போகாதீர்கள், வெளியிலும் 3 அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள். வேர் மேலாகத்தான் ஓடுகிறது.

---

கொல்லைமேடு எழுதியது:

ரொம்ப நன்றிங்கண்ணா, எல்லாருக்கும். 3.5 அடி கியர், எல் பிளேடு, ஸ்லிப் கிளட்ச்னு முடிவு பண்ணிட்டேன். கோரை ஒரு மூலையில இருக்கு, அதை விட்டுடறேன்.

இன்னும் மூணு கேள்வி. கழனியில சேடை (நடவுக்குச் சேறு கலக்கற உழவு) ஓட்ட இதையே இறக்கலாமா? மானியத்துக்கு முதல்ல வாங்கிட்டு பில் கொடுக்கலாமா? வண்டி பிடிஓவை ரொட்டவேட்டரோட சேர்க்கற ஷாஃப்ட் நீளமா இருக்கும், வெட்டித்தான் போடணும்னு கடையில சொல்றாங்க, எவ்வளவு வெட்டணும்?

---

பாலாற்றங்கரை எழுதியது:

மானியம்: வாங்கிட்டுக் கேக்காதீங்க. முதல்ல உழவன் செயலியில பதிஞ்சு, உங்க உபகோட்டத்து வேளாண் பொறியியல் உதவி செயற்பொறியாளர் ஆபீஸ்ல ஒப்புதல் வந்தப்புறம்தான் வாங்கணும். துறை அங்கீகரிச்ச பட்டியல்ல இருக்கற மாடலுக்குத்தான் கிடைக்கும், அதனால 3.5 அடி எந்தெந்த மாடல் பட்டியல்ல இருக்குன்னு முதல்லயே கேட்டுக்குங்க. சிறு, குறு விவசாயிக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் மத்தவங்களை விட மானியம் கூடுதல், அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்டு. சிறு குறு விவசாயி சான்றிதழைத் தாசில்தார் ஆபீஸ்ல முன்னாடியே வாங்கி வைங்க.

சேடை: இறக்கலாம். ரெண்டு நாள் தண்ணி கட்டி ஊற வச்சு, மேல ரெண்டு அங்குலம் நிக்கும்போது ஓட்டுங்க. தண்ணி அதிகமானா கத்தி தண்ணியைத்தான் அடிக்கும். முழங்கால் புதையற சேறா இருந்தா மினியை இறக்காதீங்க, அடி தட்டி உக்காந்துடும், வெளிய எடுக்க இன்னொரு டிராக்டர் வரணும். முடிச்ச அன்னைக்கே கழுவி, கிரீஸ் நிப்பிள் எல்லாத்துலயும் பழைய கிரீஸ் வெளிய வர்ற வரைக்கும் புதுசு அடிங்க.

---

பட்டறைக்காரர் (காட்பாடி) எழுதியது:

ஷாஃப்ட்: இத்தனை அங்குலம்னு வாயால சொல்ல முடியாது, உங்க வண்டியில பூட்டிப் பார்த்துத்தான் வெட்டணும். கடையில வெட்டி அனுப்பறேன்னா ஒத்துக்காதீங்க.

ரொட்டவேட்டரை மூணு பாயிண்ட்டுலயும் பூட்டி, வண்டி பிடிஓவும் ரொட்டவேட்டர் கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டும் நேர் மட்டத்துல வர்ற வரைக்கும் தூக்குங்க. ரெண்டுக்கும் தூரம் குறைவா இருக்கற நிலை அதுதான். அங்க நிறுத்தி, தூக்கினது இறங்காம கீழ மரக்கட்டை முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஆஃப் பண்ணுங்க. ஷாஃப்ட்டை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியை வண்டியிலயும் மறு பாதியை ரொட்டவேட்டர்லயும் மாட்டி, பக்கத்துல பக்கத்துல ஒட்டிப் பிடிங்க. ஒன்னோட முனை மத்ததோட யோக்கை (ஷாஃப்ட் கோடியில இருக்கற கவை) தொட ஒன்னரை அங்குலம் மிச்சம் இருக்கற இடத்துல குறி போடுங்க. உள் பைப்பு, வெளி பைப்பு, அதுக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் மூடி எல்லாத்துலயும் ஒரே அளவுதான் வெட்டணும். பிசிரை அரத்தால தேய்ச்சு எடுத்து, உள்ள கிரீஸ் பூசி மாட்டுங்க. ரெண்டு யோக்கும் ஒரே வாக்குல நிக்கணும், மாறி இருந்தா ஓடும்போது உதறும்.

அப்புறம் முழுசாக் கீழ இறக்கிப் பாருங்க, முழுசா மேல தூக்கியும் பாருங்க. அதிகமா நீளற நிலையிலயும் பைப்பு நீளத்துல மூணுல ஒரு பங்கு உள்ள இருக்கணும். அதிகமா வெட்டிட்டா கழண்டு விழும், குறைவா வெட்டிட்டா முட்டி வண்டி பிடிஓ சீலையும் பேரிங்கையும் இடிக்கும். மேல தூக்கும்போது ஷாஃப்ட் கடகடன்னா கோணம் அதிகம். லிஃப்ட் அந்த உயரத்துக்கு மேல போகாம லீவருக்கு ஸ்டாப்பர் வைங்க, வரப்புல திரும்பும்போது பிடிஓவை ஆஃப் பண்ணிட்டுத் திரும்புங்க. கத்தி மண்ணுல இருக்கும்போது ரிவர்ஸ் போடவே கூடாது.

ஆழத்தை டிராஃப்ட் லீவர்ல (இழுவைப் பாரத்துக்குத் தக்கபடி தானே ஏத்தி இறக்கறது) வைக்காதீங்க, பொசிஷன்ல (வச்ச உயரத்துலயே நிறுத்தறது) வச்சு, பக்கத்துச் சறுக்குத் தகட்டுல ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டையில போல்ட் போட்டு நிறுத்துங்க. முதல் சால் 2 அங்குலம், ரெண்டாவது 4. மேல் லிங்க்கைக் கூட்டிக் குறைச்சு, வேலை செய்யற ஆழத்துல கியர் பாக்ஸ் மட்டமா நிக்கற மாதிரி வைங்க. பின் தகட்டை இறக்கி வச்சா மண்ணு பொடியாகும், தூக்கி வச்சா கட்டி நிக்கும். மேல விரிஞ்சிபுரத்துக்காரர் சொன்ன நெல்லிக்காய் கட்டிக்கு, தகட்டுச் சங்கிலியில ரெண்டு மூணு கண்ணி மேல ஏத்திக்குங்க.

புதுசு வரும்போது நடு கியர் பாக்ஸ், பக்கத்து கியர் கேஸ் ரெண்டுலயும் ஆயில் இருக்கான்னு நீங்களே லெவல் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காலியா வந்து இறங்கறதும் உண்டு. புத்தகத்துல வேற சொல்லலைன்னா ஈபி 90 கியர் ஆயில். முதல் 2 மணி நேரம் ஓட்டினதும் எல்லா பிளேடு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு ஒரு தடவை இறுக்குங்க, மறு நாளும் ஒரு தடவை. புது போல்ட் பெயிண்ட் மேல உக்காந்திருக்கும், பெயிண்ட் தேய்ஞ்சா லூசாகும். முதல் ஆயிலை 50 மணி நேரத்துக்குள்ள வடிச்சுட்டு மாத்திடுங்க, அதுல வர்ற இரும்புப் பொடியைக் கையில தொட்டாலே தெரியும்.